அந்நியர் தந்த வாக்கு



சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். வேற்றுலகத்து மனிதர் பூமிக்கு வந்து இறங்கும் திரைப்படம் ஒன்றை முதல்நாள் பார்த்திருக்கிறான். "சாமி, வேற உலகத்துல ஆளுங்க இருந்தா, அவங்களுக்காகவும் இயேசு பாடுபட்டாரா? அவங்க நம்ம ஊருக்கு வந்தா நாம அவங்களச் சேத்துக்கலாமா?" என்று கேட்டான்.

குருமடத்தில் எட்டு ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் படித்த எனக்கு உடனே விடை வரவில்லை. 2008-ஆம் ஆண்டில் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு ஒசே கபிரியேல் ஃபூனஸ் இதே கேள்விக்கு விடையளித்திருந்தது நினைவுக்கு வந்தது. வேற்றுலகில் உயிர்கள் உண்டு என எண்ணுவது நம் விசுவாசத்துக்கு மாறானதன்று; கடவுளின் படைப்பாற்றலுக்கு நாம் எல்லை வகுக்க இயலாது; அவர்களும் நம் உடன்பிறப்புகளே ஆவர் என்பது அவர் சொன்னதன் கருத்து. இதை அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி அனுப்பினேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அன்று மாலை வாய்க்கால் கரையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கையில் ஓர் எண்ணம் தோன்றிற்று. வேற்றுலகத்தார் இனிமேல்தான் வரவேண்டுமா? நம் காவிரிக் கரைக்கு அவர்கள் ஏற்கெனவே வந்து போய்விட்டார்களே!

கப்பலில் வந்த வேற்றுலகம்

1620-ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் இருந்தனர். 1658-இல் அவர்களை விரட்டிவிட்டு ஒல்லாந்தர் அமர்ந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். வெளுத்த தோலும், புரியாத மொழியும், வெடிக்கும் குழாயும் கொண்டு கடலிலிருந்து எழுந்து வந்த அவர்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு வேற்றுலகத்தாராகத்தான் தோன்றியிருப்பார்கள். வந்தவர்களுக்கும் நாம் அப்படித்தான் தோன்றியிருப்போம்.

வந்தவர்கள் வாணிகத்தோடு நிற்கவில்லை. ஆங்கிலேயப் படையின் துணையோடு ஆர்க்காட்டு நவாபு 1773-இல் தஞ்சையைப் பிடித்தார். 1776-இல் அரசு மீண்டும் மராட்டிய மன்னர் துளஜாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் கோட்டைக்குள் ஆங்கிலேயப் படை தங்கிவிட்டது. மன்னர் அரியணையில் இருந்தார். அதிகாரமோ மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தது.

இந்தக் காலத்தில்தான், இந்தத் தஞ்சையில்தான், நான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்பும் வரலாறு தொடங்குகிறது. அது ஒரு பெண்ணின் வரலாறு. அன்பும் விசுவாசமும் அந்நியரின் சந்திப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் வரலாறு.

தஞ்சைப் பெண்

அவர் மராட்டியப் பிராமணக் குலத்தில் பிறந்தவர். கோகிலா என்பது அவரது இயற்பெயர் என்று சொல்லப்படுகிறது. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். கணவரின் சிதையில் அவரையும் ஏற்ற முற்பட்டபோது லிட்டில்டன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி குறுக்கிட்டுக் காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை ஏறுதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1830-இல்தான். அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பு நடந்தது இது.

அந்த அதிகாரியோடு அவர் வாழத் தொடங்கினார். பிறந்த குலம் அவரை விலக்கிற்று என்று சொல்லவும் வேண்டுமா? ஆங்கிலேயருக்கோ அவர் ஓர் அதிகாரியின் வீட்டிலிருந்த சுதேசிப் பெண், மனைவியல்லர். இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருந்த அவர் இரண்டுக்கும் அந்நியரானார்.

ஆயினும் அந்த வீட்டில் ஒரு வித்து விழுந்தது. லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார்; கிறிஸ்தவ மறையின் அடிப்படைகளையும் எடுத்துச் சொன்னார். முறைப்படி மணந்துகொள்வதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பெண் ஆண்டவரை உள்ளபடியே பற்றிக்கொண்டார். தஞ்சையில் லுத்தரன் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரை அணுகி ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். மணமாகாமல் ஒருவரோடு வாழும்வரையில் தர இயலாது என்பது அவரது விடை. அதிகாரி தம்மை மணந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பெண் பதில் கூறினார்.

அந்த வாக்கு நிறைவேறவே இல்லை. லிட்டில்டன் அவரை மணக்காமலேயே இறந்துபோனார்.

சாத்திய கதவு

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம்.

சுவார்ட்ஸ் செய்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் நிலையில் நம் கத்தோலிக்கக் குரு ஒருவர் இருந்திருந்தாலும் பெரும்பாலும் அதையேதான் சொல்லியிருப்பார். திருமணத்தின் புனிதம் விளையாட்டன்று.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். திருமணத்தை நடத்திவைக்கும் ஆற்றல் யார் கையில் இருந்தது? அந்தப் பெண்ணின் கையிலா? இல்லை. பிறந்த வீடும் போய், போகும் இடமும் இல்லாத ஒரு விதவை அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் கடமையும் வாய்ப்பும் அந்த அதிகாரியிடமே இருந்தன. கதவு சாத்தப்பட்டதோ அந்தப் பெண்ணின் முகத்தில்!

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் என்னையே குற்றம் சாட்டும். பல ஆண்டுகளுக்கு முன் இந்த டெல்டாப் பகுதியின் ஒரு சிற்றூரில் நான் பணியாற்றியபோது ஒரு பெண் ஞாயிறுதோறும் பூசைக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். வெளியே புங்க மரத்தடியில் நிற்பாள். வேறு சமயத்தில் பிறந்தவள். நம் சபையைச் சேர்ந்த ஒருவனோடு வாழ்ந்துவந்தாள். ஒருநாள் அறைவீட்டு வாசலுக்கு வந்து, "சாமி, நானும் வேதத்துல சேரணும்" என்றாள். நான் சட்டத்தை விளக்கினேன். "முதலில் அவனைக் கூட்டிக்கொண்டு வா, அம்மா. திருமணத்தை முறைப்படுத்துவோம். பிறகு பார்க்கலாம்" என்றேன். "வரமாட்டேங்கிறாரு, சாமி" என்றாள். "அப்படியென்றால் நான் என்ன செய்வது?" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

நான் சொன்ன சட்டத்தில் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அவனைத் தேடி நான் ஒருநாளும் போகவில்லை. அவன் வீடு அறைவீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். நெல் மூட்டை ஏற்றும் இடத்தில் அவனை நாள்தோறும் பார்ப்பேன். "தோத்திரம் சாமி" என்பான். நானும் ஆசீர்வதித்துவிட்டுப் போவேன். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல், சுமக்க இயலாதவள்மேல் சுமையை வைத்தேன். சில வாரங்களில் அவள் மரத்தடிக்கும் வருவதை நிறுத்திவிட்டாள். பிறகு குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்றும் புங்க மரம் பூக்கும் காலத்தில் அவள் முகம் எனக்கு நினைவுக்கு வரும்.

காத்திருந்தவர் எழுப்பிய கோவில்

அந்தத் தஞ்சைப் பெண்ணோ விட்டுப் போகவில்லை. அதிகாரி இறந்தபின் பாளையங்கோட்டையில் வாழ்ந்துவந்தார். 1778-ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் அங்கே சென்றபோது மீண்டும் அவரிடம் வந்து நின்றார். முன்பு மறுத்தவரிடமே மறுபடியும் கேட்பதற்கு எவ்வளவு தாழ்ச்சி வேண்டும்! இம்முறை சுவார்ட்ஸ் மறுக்கவில்லை. கிளாரிந்தா என்னும் பெயரோடு அவர் ஞானஸ்நானம் பெற்றார்.

1780-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்கள் நாற்பது. அவற்றுள் முதலாவது கிளாரிந்தாவின் பெயர். மற்றவர்கள் பல்வேறு சாதியினர். எந்தக் குலத்தில் பிறந்தவர் எந்தக் குலத்தாரோடு ஒரே ஏட்டில் இடம்பெற்றார் என்பதை நம் நாட்டு நிலைமை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கோவில்களிலும் கல்லறைகளிலும் சாதிக்கொரு பக்கம் பிரித்துவைத்திருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. அந்த நாற்பது பெயர் கொண்ட ஏட்டை அந்த வெட்கத்தோடுதான் நாம் நினைத்துப் பார்க்க முடியும்.

கிளாரிந்தா தம் பொருளைக் கொடுத்தும் அங்கிருந்த ஆங்கிலேயரிடம் பொருள் திரட்டியும் ஒரு கோவில் கட்டினார். 1785-இல் சுவார்ட்ஸ் வந்து அதை அர்ப்பணித்தார். பாப்பாத்தியம்மாள் கோவில் என்று மக்கள் அதை அழைத்தனர். அது இன்றும் பாளையங்கோட்டையில் நிற்கிறது. அநாதைச் சிறுவன் ஒருவனை மகனாக எடுத்து வளர்த்தார். மக்களின் தாகம் தீர்க்கக் கிணறு வெட்டினார். அந்தச் சபையைக் கண்காணிக்கத் தஞ்சையிலிருந்து உபதேசியார் சத்தியநாதன் பிள்ளை அனுப்பப்பட்டார். பின்னர் 1790-இல் அவர் குருப்பட்டம் பெற்றார். திருநெல்வேலிச் சீமையில் பின்னாளில் பெருகிய சீர்திருத்தச் சபைகள் இந்தச் சிறு மந்தையைத் தங்கள் தொடக்கமாக எண்ணுகின்றன.

மணப்பதாகச் சொன்னவர் சொல் தவறினார். அந்தச் சொல்லை நம்பியவரோ ஆண்டவருக்குத் தாம் கொடுத்த சொல்லைக் காப்பாற்றினார்.

யாக்கோபின் கிணற்றடியில் ஆண்டவர் ஒரு பெண்ணைச் சந்தித்ததை யோவான் எழுதிய நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவளும் யூதருக்கு அந்நிய இனத்தாள். அவளோடு இருந்தவனும் அவளுக்குக் கணவனல்லன். ஆண்டவர் அந்த உண்மையை மறைக்கவில்லை. அதற்காக அவளைத் துரத்தவும் இல்லை. முதலில் அவளிடமே தண்ணீர் கேட்டார். குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி, தன் மக்களுக்கு அவரை அறிவித்தவள் அவள்தான். நம் கிளாரிந்தா வெட்டிய கிணற்றை நினைக்கும்போது இந்தக் கிணறும் என் நினைவுக்கு வருகிறது.

எண்பதினாயிரம் கலம் நெல்

வாக்கைப் பற்றிப் பேசும்போது, நம் தஞ்சைத் தரணியில் நடந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும்.

1781-இல் ஐதர் அலியின் படை இந்த நாட்டின்மேல் பாய்ந்தது. அணைகளும் கால்வாய்களும் உடைக்கப்பட்டன, பயிர் அழிந்தது, மக்கள் சிதறினர். ஐதர் கலாபம் என்று முதியோர் வாயில் நெடுங்காலம் வழங்கிய கொடுமை அது. தஞ்சைக் கோட்டைக்குள் பசி. வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. ஆனால் கொண்டுவர எவரும் முன்வரவில்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு உரிய கூலியும் விலையும் கொடுக்கப்படாமையே காரணம். மன்னர் ஆணையிட்டும் பயனில்லை. ஆங்கிலேயர் கேட்டும் பயனில்லை.

அப்போது சுவார்ட்ஸ் தம் பெயரில் வாக்குக் கொடுத்தார். கொண்டுவருவோருக்கு உரியதைத் தாமே தம் கையால் கொடுப்பதாகக் குடியானவர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. சில நாள்களில் எண்பதினாயிரம் கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. அவரும் சொன்னபடியே கொடுத்தார். பிறிதொரு சமயம் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய உழவர்கள் அவரது சொல்லை நம்பித் திரும்பினர். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அந்த உழவர்கள் அவருடைய சமயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர் செருமன் நாட்டில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய அந்நியர். அவரிடம் படையில்லை, பணமும் மிகுதியில்லை. சொன்ன சொல் மாறாதவர் என்னும் பெயர் ஒன்றுதான் இருந்தது. மன்னர் துளஜா தாம் சுவீகாரம் எடுத்த மகன் சரபோசியை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றதும் அந்த நம்பிக்கையினாலேயே. சரபோசி கிறிஸ்தவராகவில்லை, சுவார்ட்ஸ் அவரை வற்புறுத்தவும் இல்லை. ஆனால் 1798 பிப்ரவரியில் அந்த முதியவர் தஞ்சையில் இறந்தபோது சரபோசி தந்தையை இழந்த மகனாக அழுதார். அவர் செய்வித்த சலவைக்கல் சிற்பம் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. இறக்கும் குருவின் கையைப் பிடித்துக்கொண்டு அரசர் நிற்கும் காட்சியை அங்கே யாரும் காணலாம்.

இதனால் அந்நிய ஆட்சி நல்லதாகிவிடாது. சுவார்ட்ஸ் இறந்த மறு ஆண்டே, 1799-இல், தஞ்சையின் ஆட்சி கும்பினியின் கைக்குப் போயிற்று. 1855-இல் அரச மரபுக்கு ஆண்வாரிசு இல்லாமற்போகவே, எஞ்சிய பட்டமும் பறிபோயிற்று. உடன்படிக்கைக்குமேல் உடன்படிக்கையாக எழுதி நாட்டையே எடுத்துக்கொண்டவர்களும், வாய்ச்சொல் ஒன்றைக் காப்பாற்றி உழவரின் மனத்தைப் பெற்றவரும் ஒரே கடல் வழியாகத்தான் வந்தார்கள். அந்நியரில் இன்னார் எப்படிப்பட்டவர் என்பதைத் தோலின் நிறம் காட்டவில்லை. கொடுத்த வாக்கை என்ன செய்தார் என்பதே காட்டிற்று.

பிரிந்த சகோதரரின் சான்று

கத்தோலிக்கப் பத்திரிகையில் லுத்தரன் குருவைப் புகழலாமா என்று யாரேனும் கேட்கக்கூடும். நம் வீரமாமுனிவர் காலத்தில் இரு சாராரும் ஒருவரையொருவர் கண்டித்து நூல் எழுதிக்கொண்டார்கள். வேதவிளக்கமும் லுத்தேரினத்தியல்பும் அவ்வாறு பிறந்தவையே. அது அந்தக் காலம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டில், பிரிந்த சகோதரரிடம் தூய ஆவியானவர் விளைவித்துள்ள நன்மைகளை மகிழ்வோடு ஏற்கும்படி நமக்குக் கற்பித்தது. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், கொள்ளிடக் கரையருகே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவை நமக்குத் தந்த வீரமாமுனிவரும் இந்த மண்ணில் அந்நியராய் வந்து, சொன்ன சொல்லுக்காக வாழ்ந்தவர்களே. அடைக்கலம் என்பதும் ஒரு வாக்குத்தானே? என்னிடம் வந்தவரைக் கைவிடமாட்டேன் என்னும் வாக்கு!

நம் இல்லங்களில்

இப்போது நம் குடும்பங்களுக்கு வருவோம்.

இன்று பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நம் வயல்களில் நாற்று நடுகிறார்கள். அவர்கள் மொழி நமக்குப் புரியாது. நம் சாப்பாடு அவர்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்கு நாம்தான் வேற்றுலகத்தார். பேசிய கூலியைப் பேசிய நாளில் முழுதாகக் கொடுக்கிறோமா? மழைக்கு ஒதுங்க நல்ல இடம் தருகிறோமா? எண்பதினாயிரம் கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்தது இந்த நாணயம்தான்.

பெண்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நாள் கடத்தும் இளைஞர்கள் நம் பங்குகளில் இல்லையா? "வெளிநாடு போய் வந்து பார்க்கலாம்", "அக்கா கல்யாணம் முடியட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் ஒரு பெண்ணைக் காத்திருக்க வைக்கிறவனைப் பெற்றோர் கண்டிக்கிறார்களா? அல்லது அவன் நம் வீட்டுப் பிள்ளை என்று அவனை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் ஏசுகிறோமா? சொன்னவனைக் கேளாமல் நம்பியவளைத் தண்டிப்பது நீதியன்று.

வேறு சமயத்திலிருந்தும் வேறு சாதியிலிருந்தும் மருமகளாய் வந்தவர்கள் பலர் நம் வீடுகளில் உண்டு. அவர்களுடைய பிறந்த வீட்டார் உறவை அறுத்திருக்கலாம். நாமும் அடுப்படியில் ஒரு கோடு கிழித்தால் அவர்கள் எங்கே போவார்கள்? மோவாபு நாட்டு ரூத்து தன் மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்தபோது அந்த ஊரார் அவளை அந்நியப் பெண் என்று ஒதுக்கியிருந்தால், தாவீதின் குலம் எப்படித் தழைத்திருக்கும்? நம் ஆண்டவரின் முன்னோர் வரிசையில் அவள் பெயரை மத்தேயு எழுதிவைத்திருக்கிறார்.

கோவிலின் கடைசி வரிசையில் அமர்ந்து, நற்கருணை வேளையில் எழுந்து வர இயலாமல் தலை குனிந்திருப்பவர்களை நான் அறிவேன். திருச்சபையின் சட்டத்தை அவர்களுக்காக நான் மாற்றிவிட முடியாது. ஆனால் அவர்களைத் தேடிப் போக முடியும். பேச வேண்டிய ஆணிடம் பேச முடியும். திருமணத்தை முறைப்படுத்த வழியிருந்தால் மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு எழுத முடியும். காத்திருப்பவரோடு கூடக் காத்திருக்க முடியும். பங்கு மக்களாகிய நீங்கள் அவர்கள் பக்கத்தில் போய் அமர முடியும். திருவிழாச் சோற்றை அவர்கள் இலையிலும் இட முடியும்.

அந்தச் சிறுவன் அடுத்த ஞாயிறும் வந்தான். "சாமி, அந்த வேற்று உலகத்து ஆளுங்க நெசமாவே வந்தா நாம முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

"அவர்கள் நம்மிடம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது, தம்பி. ஆனால் எதைச் செய்வதாகச் சொல்கிறோமோ அதைச் செய்ய வேண்டும். அதற்கு இப்போதிருந்தே பழகிக்கொள். உன் தங்கைக்கு என்ன வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாய்?" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். பொங்கலுக்கு ஒரு பலூன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தானாம். ஆறு மாதமாகிறது. அன்றே போய் வாங்கிக் கொடுத்துவிட்டான் என்று அவன் தாயார் எனக்குச் சொன்னார்.

தாம் வாக்களித்ததில் ஒன்றையும் தவறவிடாத இறைவன், சொன்ன சொல்லில் நிலைக்கும் வரத்தை நம் குடும்பங்களுக்கு அருள்வாராக.